தெருவில் ஆடுகிறவர்களுக்கு ஓர் இடம்: கல்லடி முதல் பொத்துவில் வரையுள்ள சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர்களுக்கும், தவிசாளர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களில் பலர் 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவாகி வந்தவர்கள். அதற்கு முன் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 2018 பெப்ரவரியில். இடையில் நீண்ட காலம் எங்கள் சபைகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். தெருவில் ஆடிப் பாடிச் சிரிக்க வைக்கிற எங்களைப் போன்றவர்கள் எதையாவது கேட்க வேண்டுமென்றால் யாரிடம் போவது என்றே அப்போது தெரியவில்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சபைகளின் எல்லை கடந்து போகும் எங்கள் பயணத்துக்கு எல்லாச் சபைகளும் ஏற்கும் ஒரே அனுமதிக் கடிதம் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் நாங்கள் நின்று ஆட ஓர் இடம் வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்வதற்குத்தான் மீதிக் கடிதம்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு. அப்புறம் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். அதற்கும் கீழே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். ஒரே ரோட்டு, நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் பத்துக்கும் மேற்பட்ட சபைகளின் எல்லை. ஒரு சபையில் கடிதம் கொடுத்தால் போதும் என்பார்கள். அடுத்ததில் பொலிஸ் கடிதத்தை முதலில் கொண்டுவா என்பார்கள். பொலிஸுக்குப் போனால் சபைக் கடிதம் எங்கே என்பார்கள். இன்னொரு சபையில் நாள் வியாபாரிக்குப் போடுகிற இட வாடகையை எங்களுக்கும் போடுவார்கள், அன்று மழை வந்து ஒருவரும் நிற்காவிட்டாலும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்காக இரண்டு வேலை நாட்கள் கந்தோர் வாசலில் போய்விடுகின்றன.

எங்களுக்குக் காலமும் குறைவு. கார்த்திகை, மார்கழி மழையில் தெருவில் ஒன்றும் நடக்காது. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து, மாசி பங்குனியில் சனங்களின் கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது புறப்படுவோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், அதே மாதங்களில் அறுகம்பையில் வெளிநாட்டுப் பயணிகள். புரட்டாதியில் பாண்டிருப்புத் தீமிதிப்போடு வருடம் முடிகிறது. இந்த மாதங்களில் இழக்கிற ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டு அடுப்பில் தெரியும்.

ஒரு வட்டம் எப்படிக் கூடுகிறது என்று சொன்னால்தான் நாங்கள் கேட்கும் இடம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். முஸ்லிம் ஊர்களில் பின்னேர அஸர் தொழுகைக்கும் பொழுதுபட்டதும் தொழுகிற மஃரிபுக்கும் நடுவில்தான் ஆடுவோம். பாங்கு சொல்லும்போது வட்டம் கலைந்திருக்க வேண்டும். தமிழ் ஊர்களில் கோயில் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்ப்போம். முதலில் நிலத்தில் ஒரு கயிற்றை வளைத்துப் போட்டுவிட்டு, ஒருவன் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்பான். பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள். அவர்களைக் கயிற்றோரம் நிலத்தில் இருத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். அடுத்தது சைக்கிளில் போகிறவர்கள், ஒரு காலை ஊன்றியபடி. கச்சான் விற்கிற அண்ணன் தன் வண்டியைத் தானாகவே பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார் என்றால் வட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம். பெண்கள் கடைசியில்தான் வருவார்கள், அதுவும் வெளிச்சமும் இருக்க இடமும் இருந்தால் மட்டும். வாகனம் நடுவில் புகுந்து வட்டத்தைக் கலைக்காத ஒரு மூலை, ஒரு விளக்கு. இது போதும்.

இந்த வட்டம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் ஆடியது வட்டக் களரியில், சுற்றிவர சனம் இருக்க. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை மேடைக்கு ஏற்றினார், நாட்டுக்கே அதன் பெருமை தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஊரின் கூத்து ஊர் வெளியில்தான் நடந்தது. சட்டம் கொடுத்து, அதாவது ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம் முடிந்த பிறகு கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தம்மால் இயன்றதைக் கொடுப்பார். வாங்கியவரையும் கொடுத்தவரையும் யாரும் குறைவாகப் பார்த்ததில்லை. நாங்கள் கடைசியில் நீட்டும் தொப்பி அந்த வழியில் வந்ததுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓர் ஊரில், கடிதம் கையில் இருந்தும், நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது அலுவலர் ஒருவர் வந்தார். நிலத்தில் இருந்த பிள்ளைகளுக்கு முன்னால், "பிச்சை எடுக்கிறதுக்கு இவடத்த வராத" என்றார். வேஷத்தோடு நின்ற என் கூட்டாளி அதற்குப் பிறகு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து வெள்ளையை அவன் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் இன்னும் அங்கேயே நின்றார்கள், மீதி எப்போது நடக்கும் என்று கேட்டுக்கொண்டு. ஊர் சுற்றித் திரிபவர்களையும் கையேந்துபவர்களையும் பிடிப்பதற்கு வெள்ளைக்காரன் 1841இல் எழுதிவைத்த சட்டம் ஒன்று இன்னும் நம் நாட்டில் உயிரோடு இருக்கிறது. ஆடிப் பிழைப்பவனை அந்தச் சட்டத்தின் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று உங்கள் அலுவலர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

ஆடப்போவதன் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கேட்பவர்களும் உண்டு. 1912இல் வந்த பொது அரங்கு நிகழ்ச்சிகள் பற்றிய சட்டம் திரைச்சீலையும் மேடையும் உள்ள நாடகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. தெருவில் அடுத்த வரி பார்க்கிறவரின் வாயிலிருந்துதான் வருகிறது. "காக்கா, மகளுக்கு வீடு கட்டி முடிச்சாச்சா?" என்று வட்டத்தில் நிற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் கேட்பேன். "கூரைக்குத்தான் நிக்கிது" என்பார். "அப்ப மறுகா என்ன, மாப்பிள்ளைக்குக் குடை ஒண்டு வாங்கிக் குடுங்க." இதை எந்தப் பிரதியில் எழுதித் தருவது? களியாட்ட வரியும் அப்படித்தான். 1946ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுக் கட்டணத்தின் மீது வரி போடச் சொல்கிறது. எங்கள் வட்டத்துக்கு வாசலே கிடையாது.

அந்த வீட்டுப் பகிடி காத்தான்குடியிலும் சிரிப்பு வாங்கும், களுதாவளையிலும் வாங்கும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வதும் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் பொதுவான வழக்கம். வெளியூர்க் கலைஞன் ஒருவனுக்கு இந்தப் பகிடி விளங்கவே நேரம் எடுக்கும். நாங்கள் சமயத்தைத் தொட மாட்டோம், ஒரு சனத்தை இன்னொரு சனத்துக்கு முன்னால் இறக்கிப் பேச மாட்டோம். யுத்த காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஆள் நடமாடாத எல்லைச் சந்திகள் இந்த ரோட்டில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே சந்தியில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தோளோடு தோள் உரச இருந்து ஒரே இடத்தில் சிரிப்பதை நான் வட்டத்தின் நடுவில் நின்று பார்க்கிறேன். ஒரு கூட்டத்திலும் ஒரு பேச்சிலும் நான் இதைப் பார்த்ததில்லை. இதனால்தான் இந்தத் தொழிலை விட மனம் வரவில்லை.

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் தெருவெளி நாடகம் என்றால் நிறுவனங்கள் காசு கொடுத்துப் போடும் விழிப்புணர்வு நாடகம் என்று ஆகிவிட்டது. டெங்கு, கைகழுவுதல், பிள்ளைகள் பாதுகாப்பு. நல்ல வேலைகள்தான், நானும் சிலவற்றில் ஆடியிருக்கிறேன். ஆனால் அந்த நிறுவனங்களின் முத்திரை இருந்தால் ஒரே நாளில் கிடைக்கிற அனுமதி, வெறுமனே சிரிக்க வைக்க வருகிறோம் என்றால் கிடைப்பதில்லை. நாளெல்லாம் வயலில் நின்றுவிட்டு வருகிற மனிதர் அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போவதற்கு வேறு காரணம் எதுவும் தேவையா?

இன்னொன்று. எங்களோடு இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். வேஷம் மாற்ற ஒரு அறை, பூட்டுள்ள கழிப்பறை, குழாய்த் தண்ணீர். இது இல்லாத ஊரில் அவர்களை ஆடச் சொல்ல முடியாது. பல ஊர்களில் வாசிகசாலையிலோ விளையாட்டுக் கழகக் கட்டடத்திலோ இரவு தங்க இடம் தந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. ஆனால் தெரிந்தவர் தயவில் கிடைப்பதை நம்பி ஒரு பெண்ணை இரண்டு வாரப் பயணத்துக்குக் கூட்டிப் போக முடியாது. உங்கள் பொது மண்டபத்தின் பின் அறைத் திறப்பை ஒரு மாலைக்குத் தந்தால் போதும்.

ஒலிபெருக்கி பற்றிய கவலை நியாயமானது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கு அனுமதி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நாங்கள் கேட்பது இரவு எட்டு மணி வரைதான், அதுவும் ஒரு சிறிய பெட்டி. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தள்ளியே நிற்போம். கடிதத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை நியாயமான கட்டணம் வாங்குங்கள், எங்கள் அடையாள அட்டை இலக்கங்களைப் பதிந்து வையுங்கள், குப்பை கிடந்தால் அடுத்த முறை தர வேண்டாம். கடிதத்தின் ஒரு பிரதியைப் பொலிஸுக்குச் சபையே அனுப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எல்லாச் சபைகளும் ஒன்றாக முடிவெடுக்க நாளாகும் என்றால் பக்கத்துப் பக்கத்துச் சபைகள் இரண்டு முதலில் தொடங்கட்டும். மாதாந்த அமர்வு எதிலாவது பேச அழைத்தால் நாங்கள் வருவோம், சட்டம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவோம். பெரும்போக அறுவடைக்கு முன் பதில் தெரிந்தால் பங்குனிப் பயணத்துக்கு ஊர்களைக் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

அன்புடன்,
தெருவெளிக் கலைஞன் ஒருவன்
ஆரையம்பதி