எது எது என்று தெரியாத இரண்டு குழாய்கள்

அன்புள்ள மகளுக்கு,

"குழந்தையின் இதயத்துப் பக்கத்தில் ஒரு குழாய் இன்னும் மூடவில்லையாமே, என்னப்பா ஆகும்?" என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு, "எல்லாம் தானாகச் சரியாகிவிடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். 30 வருஷம் உடற்கூறியல் நடத்தியவன் சொல்கிற பதிலா அது? ராத்திரி முழுக்க உறுத்தியது.

வயிற்றுக்குள் இருக்கும்வரை உன் பிள்ளையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, ஒரு குறுக்குக் குழாய் வழியாக, உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிக்குப் போய்விடும். அதனால் பெருந்தமனிக்கும், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நுரையீரல் தமனிக்கும் ஒரே அழுத்தம். சுவரும் ஏறக்குறைய ஒரே தடிமன். பெரியவர்களின் இதயத்தில் பெருந்தமனியை வெட்டினால் வளையம் மாதிரி திறந்து நிற்கும், நுரையீரல் தமனி துவண்டு விழும். பிறந்த குழந்தையின் இதயத்தைக் கொடுத்து, எது எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் என் மாணவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பாவம், பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் பெரியவர்களின் படம்தானே இருக்கிறது!

முதல் அழுகையோடு நுரையீரல் விரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியதும் குறுக்குக் குழாயின் தசை இறுகுகிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் 2, 3 நாளில் அடைபட்டு, சில வாரங்களில் வெறும் நாராகிவிடும். உன் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது என்கிறார்கள். மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்ன தேதியைத் தவறவிடாதே. பால் குடிக்கையில் மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காதே.

எனக்குப் பிடித்த கதை இதற்கப்புறம்தான். நுரையீரல் பக்கம் அழுத்தம் சில வாரங்களில் சரிந்து, பெருந்தமனியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். பாரம் குறைந்த தமனியில் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும் மீள் இழைகள் துண்டு துண்டாகிச் சுவர் மெலிகிறது. பெருந்தமனியிலோ தசைச் செல்கள் அந்த மீள் இழைகளின் புரதமான எலாஸ்டினையும், சுவருக்கு உறுதி தரும் கொலாஜனையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகும். அழுத்தம் இறங்காமலே போனால்? 1959இல் டொனால்ட் ஹீத் என்ற நோய்க்கூறியல் ஆய்வாளரும் சகாக்களும் அதைக் காட்டினார்கள்: பிறந்தது முதலே நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தவர்களின் நுரையீரல் தமனி, வளர்ந்த பிறகும் பெருந்தமனியைப் போலவே இருந்தது. பின்னாளில் அழுத்தம் கூடியவர்களுக்கு அப்படி இல்லை. சுவரைப் பார்த்தே நோய் பிறந்தது முதலே இருந்ததா, பின்னால் வந்ததா என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. எலாஸ்டினைப் பிறப்பை ஒட்டியும் சின்ன வயதிலும்தான் உடம்பு தாராளமாகச் செய்யும். பிறகு புதிதாக வருவது சொற்பம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு என்று வைத்தாலும், அன்று நெய்ததுதான் கடைசிவரை விரிந்து சுருங்க வேண்டும். என் பெருந்தமனி விறைத்துவிட்டது, ரத்த அழுத்தத்தில் மேல் எண் மட்டும் ஏறிக்கொண்டே போவது அதனால்தான். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அம்மாவிடம் கேட்டுக்கொள்.

உன் மடியில் கிடப்பவனுக்கு அந்த நெசவு இப்போதுதான் மும்முரமாக நடக்கிறது. எக்கோ முடிந்ததும் எத்தனை மணியானாலும் போன் பண்ணு. கூடவே எடையையும் சொல்.

அன்புடன்,
அப்பா