ஒன்றுமில்லாத ஊர் என்றாயே

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு ஃபோனில் நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையேம்மா, வீட்டை வித்துட்டு லண்டன் வந்துடுங்க." அப்பா சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குத்தான் அன்று தூக்கமில்லை. 6 வயதிலிருந்து 18 வரை இந்த வேல்ஸ் ஊரில், கார்மார்தனில் வளர்ந்த பிள்ளை நீ!

பிரயரி தெருவை ஒட்டி நீ பந்து உதைத்த அந்தப் புல்பள்ளம் ரோமானியர் கட்டிய அரங்கம். டவி ஆற்றில் கடல் ஓதம் இந்த ஊர் வரைக்கும் ஏறி வருகிறது, கூடவே கப்பலும் வந்தது. அதனால்தான் கி.பி. 75 வாக்கில் இங்கே கோட்டை போட்டார்கள். மொரிடூனம், அதாவது கடற்கோட்டை என்று பெயர். அந்தப் பெயர் வெல்ஷ்காரர் வாயில் தேய்ந்து 'மர்தின்' ஆனது. அது யாரோ ஒரு ஆளின் பெயர் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். ஆர்தர் ராஜா கதையில் வரும் மந்திரவாதி மெர்லினின் பெயரே அப்படிப் பிறந்ததுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊர்ப் பெயரில் ஒரு ஆளை உண்டாக்கிய ஊர் இது. மெர்லின் மரம் விழுந்தால் ஊரும் விழும் என்று ஒரு பழம்பாட்டு வேறு உண்டு. பட்டுப்போன அந்த ஓக் மரத்தின் மிச்சத்தை 1978இல் அகற்றினார்கள். ஊர் விழவில்லை. காரை நிறுத்தத்தான் இடம் கிடைப்பதில்லை.

நாட் சதுக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஜெனரல் நாட் சிலைக்குக் கீழே ஐஸ்கிரீம் கேட்டு உருண்டு அழுவாயே, நினைவிருக்கிறதா? அந்தச் சிலை நம் நாட்டு மகாராஜ்பூர் போரில் பிடிபட்ட பீரங்கிகளை உருக்கி வார்த்தது. அதே இடத்தில்தான் 1555இல் புராட்டஸ்டன்ட் நம்பிக்கையை விட மறுத்த பிஷப் ராபர்ட் ஃபெராரைக் கட்டிவைத்து எரித்தார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காது.

எனக்குப் பிடித்தது ரெபெக்காள் கதை. பள்ளி நாடகத்துக்கு என் பழைய பாவாடையைக் கட்டி, முகத்தில் கரி பூசிக்கொண்டு போனாய். ஏன் அந்த வேடம் என்று அப்போது உனக்கு விளங்கியிருக்காது. இந்தப் பக்கத்து மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போட்டால்தான் விளையும். சூளையிலிருந்து வண்டியில் சுண்ணாம்பு ஏற்றி வருகிற குடியானவன் சாலையில் போட்ட ஒவ்வொரு சுங்க கேட்டிலும் காசு அழ வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆண்கள் பெண் வேடம் போட்டு ராத்திரியில் அந்தச் சுங்க கேட்டுகளை உடைக்க ஆரம்பித்தார்கள். பகைவரின் வாசல்களை உன் சந்ததி பிடிக்கட்டும் என்று பைபிளில் ரெபெக்காளை வாழ்த்துகிறார்கள் அல்லவா, அந்தப் பெயரைத்தான் தலைவனுக்குச் சூட்டினார்கள். 1843 ஜூன் 19 அன்று பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் இந்த ஊருக்குள் வந்து, ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிக்குள் புகுந்தார்கள். குதிரைப்படை வந்து கலைத்தது. ஆனால் அடுத்த வருடமே சட்டம் வந்து சுண்ணாம்புச் சுங்கம் பாதியானது. பாவாடை கட்டிக்கொண்டு சாதித்தவர்கள், போ!

சந்தையில் கடற்பாசி மசியல் விற்கிற அம்மா இன்னும் உன்னை விசாரிக்கிறார். பார்க்கக் கீரைக்கடைசல் மாதிரியே இருக்கும். நீ ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாய். நான் இப்போது அதில் பூண்டு, மிளகாய் தாளிக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பாவும் நானும் ஆற்றோரம் நடக்கிறோம். பரிசல்காரர்கள் மிகச் சிலர்தான் மிச்சம், உரிமம் எண்ணித்தான் தருகிறார்கள். ஆமை ஓடு மாதிரி பரிசலை முதுகில் போட்டுக்கொண்டு கரைக்கு வருவார்கள். இருட்டிய பிறகு இரண்டு பரிசல், நடுவில் ஒரு வலை, ஆற்றோட்டத்தோடு சத்தமில்லாமல் இறங்கிப் போகும். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் வலை. சால்மன் சிக்கினால் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். சூயின் என்கிற கடல் ட்ரவுட்தான் கரைக்கு வரும்.

வீட்டை விற்கவில்லை, கண்ணா. அப்பாவிடமும் பேசிவிட்டேன். கோடையில் நீ ஒரு வாரம் வா. வரும்போது நல்ல பழம்புளியாக இரண்டு பாக்கெட் வாங்கி வா, இங்கே கிடைப்பது வெறும் கொட்டையும் நாருமாக இருக்கிறது. சூயின் குழம்பு வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா