தாழியைத் திறக்கும் நாளிலேயே எலும்பியல் ஆய்வாளரை அழையுங்கள்

தமிழ்நாட்டின் ஈமக்காடுகளில் அகழாய்வு நடத்தும் இயக்குநர்களுக்கும் பல்கலைக்கழகத் தொல்லியல் துறைகளுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் தோண்டினார். 1899 முதல் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அங்கே கிடைத்தவை பற்றி 1930-இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வு மண்டையோடுகளைப் பற்றியது. இன்றும் மண்டையோடு தென்பட்டால்தான் கேமரா வருகிறது. விரல் எலும்பு மண்ணோடு கூடையில் போய்விடுகிறது. மனித எலும்பியல் படித்த ஒருவர், இறந்தவரை அடக்கம் செய்த பெரிய மண்பானையான தாழியைத் திறக்கும் நாளிலேயே உடன் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. மூட்டை கட்டிய பிறகு அனுப்பினால் பாதி விவரம் போயிருக்கும்.

வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் 106 கைகளிலும் பாதங்களிலும் இருக்கின்றன. உடலை முழுதாகத் தாழிக்குள் உட்கார வைத்தார்களா, சதை போனபின் எலும்பைப் பொறுக்கி வைத்தார்களா என்பதற்கு இவையே முதல் சாட்சி. பொறுக்குகிறவர் தொடையெலும்பை எடுப்பார். மணிக்கட்டில் பட்டாணி அளவே உள்ள எலும்பு தவறிப்போகும். ஆனால் சல்லடையே போடாமல், ‘சிற்றெலும்பு இல்லை, ஆகவே இரண்டாம் நிலை அடக்கம்’, அதாவது பொறுக்கி வைத்த எலும்பு, என்று எழுதினால் என்ன பொருள்? அது அன்றே விடுபட்டதா, நேற்று மண் வாரும்போது போனதா?

எலும்புகள் கலைந்து கிடப்பதும் ஏமாற்றும். உட்கார வைத்த உடல் மட்கும்போது தாழியின் வெற்றிடத்தில் சரியும். தலை கழன்று இடுப்பின்மேல் விழும், விலா எலும்புகள் சுவரோரம் சரியும். பாத எலும்புகள் மட்டும் அடியில் வரிசை குலையாமல் இருக்கக்கூடும். அந்த வரிசையைப் படமெடுக்கும் முன் தூக்கிவிட்டால், முழு உடல் அடக்கம் ‘பொறுக்கி வைத்த எலும்பு’ என்று அறிக்கையில் ஏறிவிடும்.

முடிந்தால் தாழியை மண்ணோடு கட்டித் தூக்கி ஆய்வகத்தில் திறவுங்கள். 5 செ.மீ. அடுக்கடுக்காக, மூங்கில் குச்சியாலும் மென்தூரிகையாலும் இறங்குங்கள். மண் முழுவதும் 2 மி.மீ. சல்லடைக்குப் போகட்டும், குழந்தையின் முளைக்காத பல் அதில்தான் சிக்கும். குடற்புழு முட்டை தேட, இடுப்புப் பகுதி மண் ஒரு பையும் ஒப்பிட வெளிமண் ஒரு பையும் தனியே வையுங்கள்.

உடையாமலிருக்கத் தடவும் பசை காலக்கணிப்பையும் மரபணு ஆய்வையும் கெடுக்கும். பொட்டெலும்பில் உள்காதைச் சூழ்ந்த கெட்டியான பகுதியையும் இரண்டு கடைவாய்ப்பற்களையும் கையுறை, முகக்கவசம் அணிந்து, கழுவாமல், பசை தொடாமல் எடுத்து வையுங்கள். நம் வெப்பத்தில் மரபணு மிஞ்ச வாய்ப்புள்ள இடங்கள் இவை. ஈர எலும்பு பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வெடிக்கும். நிழலில் மெல்ல உலரட்டும்.

இதற்கு ஆள் வேண்டும். முதுகலையில் இரண்டு பருவம் எலும்பியல் பாடம் வையுங்கள். உடைந்த துண்டைப் பார்த்தே இடமா வலமா என்று சொல்லும்வரை மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் பயிற்சி கொடுங்கள். ஆய்வு முடித்தவர்களுக்கு ஆறு மாத ஒப்பந்தம் போதாது, நிரந்தரப் பணியிடம் வேண்டும். ஒரு தாழியை முறையாகக் காலி செய்யப் பல நாள் பிடிக்கும். அடுத்த அகழாய்வுப் பருவத்துக்குத் திட்டம் போடும்போதே அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

இப்படிக்கு,
மனித எலும்பியல் ஆய்வாளர்கள்