பாத்தியை மூடுவதற்கு முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குப் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. மூலையில் இருக்கும் தூசியும் தெரிகிறது என்பதால் வீட்டில்தான் யாருக்கும் நிம்மதி இல்லை.

பூப்பாத்திகளை எடுத்துவிட்டுப் புல்தரை போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகப் போடு. ஆனால் வேலை மிச்சமாகும் என்று மட்டும் நம்பாதே. வளரும் பருவத்தில் புல்லை வாராவாரம் வெட்ட வேண்டியிருக்கும். குனிந்து செய்த வேலை நின்று செய்யும் வேலையாகும், அவ்வளவுதான். நம் முதுகுக்கு அதுவே பெரிய லாபம்.

உன் அவசரம்தான் எனக்குக் கவலை. செடியைப் பிடுங்கிய கையோடு புல்லை விரித்துவிடாதே. பல வருடங்களாகக் கொத்தி, எரு போட்டுப் பொலபொலவென்று வைத்திருந்த மண் அது. மேலே புல் வந்த பிறகு அமுங்கினால் பாத்தி இருந்த வடிவத்திலேயே பள்ளம் விழும், மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும். மட்டப்படுத்து, நன்றாகத் தண்ணீர் விடு, காய்ந்ததும் மிதித்துப் பார். குதிகால் புதைந்தால் இன்னும் மண் இறுகவில்லை. இரண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கட்டும்.

அந்த இடைவெளி வீணல்ல. ஒளிந்திருக்கும் களை விதையெல்லாம் முளைத்து வெளியே வரும். மேலாகச் சுரண்டி எடுத்துவிடலாம். கோரை மட்டும் அதற்கு மசியாது. தலையைப் பிடுங்கினால் அறுந்த நூலாக வரும். மண்ணுக்குள் கறுத்த சின்னக் கிழங்குகள் மணிமாலைபோல் கோத்துக்கொண்டு கிடக்கும், ஒன்று தங்கினாலும் திரும்ப முளைக்கும். ஆழமாகத் தோண்டி, மண்ணை உதிர்த்துப் பொறுக்கு. புல் மூடிய பிறகு அதைப் பிரித்தெடுப்பது யாராலும் ஆகாத காரியம்.

மரத்தடிப் பாத்தியையும் சேர்த்து எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதை விட்டுவிடு. நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் புல் மெலிந்து சொட்டையாகும், மரத்தின் வேரோடு தண்ணீருக்குப் போட்டி வேறு. அங்கே நிழலில் வளரும் செடி எதையாவது வைத்துவிட்டு, அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்காமல் பார்த்துக்கொள். பாத்திக்கு விளிம்பாக நட்டிருக்கும் செங்கல்லை ஒன்று விடாமல் எடு, வெட்டும் இயந்திரத்தின் கத்தி தப்பும். புதுப் புல் பழைய புல்லின் இனமாகவே இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டது காலத்துக்கும் தெரியும். ஒரே இனமானாலும் எரு தின்ற மண் என்பதால் கொஞ்ச நாள் அந்த இடம் கூடுதல் பச்சையாகத்தான் இருக்கும். பதறாதே.

தோண்டும்போது வரும் பூக்கிழங்குகளைக் குப்பையில் போடாமல், காயவைத்து ஒரு பையில் எனக்கு அனுப்பு. இடம் இல்லை என்று வீட்டில் சத்தம் வரும். நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்