அம்மாவை மீட்டுத் தந்தவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். பாலர் பள்ளியில் உங்கள் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர். வெள்ளிக்கிழமை பூசையில் தேவாரம் பாடுபவர். அவர் பல ஆண்டுகளாகக் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார். இப்போது மீண்டு வருகிறார். இதை ஊரறிய எழுதச் சொன்னவரும் அவர்தான். "சாடைமாடையாகப் பேசுகிறவர்களுக்குச் சிரமம் குறையட்டும்" என்றார்.

முதல் நன்றி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்த டிரெஸ்ஸர் ஐயாவுக்கு. அந்த ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவர் நமக்கு டிரெஸ்ஸர்தான். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அம்மா குடியைத் தொடமாட்டார். மறுநாளே கை நடுங்கும். உடல் தெப்பமாக வியர்க்கும். விளக்கேற்றப் போனால் தீக்குச்சி திரியைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர, அதைத் தொடாது. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் திருநீற்றுத் தட்டுடன் ஓடிவருவார்கள். மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று குறி கேட்டவர்களும் உண்டு. போன திருவிழாவில் டிரெஸ்ஸர் ஐயா கூட்டம் கலையும்வரை காத்திருந்து, என்னை மடைப்பள்ளிப் பக்கம் அழைத்துப் போனார். "இதற்கும் அம்மனுக்கும் சம்பந்தமில்லை பாப்பா. உன் அம்மா எத்தனை காலமாகக் குடிக்கிறாள்?" என்று கேட்டார்.

அப்பா அன்றிரவே சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்க இருந்தார். ஐயா விடவில்லை. நெடுங்காலம் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் மனம் பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். உயிரே போகலாம் என்றார். "சத்தியத்தைப் பிறகு வாங்கு, முதலில் வண்டியை எடு" என்று அப்பாவை அதட்டி, அவரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதியருக்கும் நன்றி. வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து அதையும் படிப்படியாகக் குறைத்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் என்ன நோய் என்று எட்டிப் பார்த்தபோது, மலாய் மிஸ்ஸி திரையைச் சர்ரென்று இழுத்துவிட்டு, நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்றாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மளிகைக்கடை ஆசோவை, அந்தச் சீனத்து அம்மாவை, மறக்க முடியாது. சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைத் தட்டையான சின்னப் பாட்டிலில், முட்டிவலிக்குத் தேய்க்க என்று சொல்லித்தான் அம்மா வாங்குவாராம். 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற விதி 2017 டிசம்பரில் வந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரியை எந்த விதி தடுக்கும்? ஆசோதான் தடுத்தார். தனக்கு வரும் காசு போனால் போகட்டும் என்று, ஓர் அந்திப்பொழுதில் எங்கள் பின்வாசலுக்கு வந்து, பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கேட்டார்: "இத்தனை பாட்டில் தேய்க்க ஒரு மனுஷிக்கு எத்தனை முட்டி?" கடையில் நாலு பேர் நிற்கும்போது அவர் அதைக் கேட்டிருந்தால் அம்மா இன்று உயிரோடு இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1947இல் இதே பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். தாத்தா காலத்துப் பெருமையாக அதை இன்றும் பேசுகிறோம். கடை என்றால் வாசலில் நின்று மறிக்கலாம். சாமி மாடத்தில் நல்லெண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பின்னால் இருப்பதை யார் போய் மறிப்பது? ஆண் குடித்தால் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிற ஊரில், ஒரு பெண் கிராம்பை மென்றுகொண்டே காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அம்மாவைப் பினாங்குக்கு அழைத்துப் போய்வருகிறவர் அவர்தான். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அமைப்பு அது. அங்கே முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அண்ணன் 'கண் ஆஸ்பத்திரிக்கு' என்றே சொல்லிவந்தார். அதனால் அம்மாவுக்குக் கண் பார்வை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் நல்லவர்களே, பார்வை நன்றாகவே இருக்கிறது.

சொந்தக்காரர் ஒருவர், தங்கையின் நிச்சயதார்த்தம் முடியும்வரை மூச்சுவிடாதே, சிகிச்சையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கும் நன்றி எழுது என்கிறார் அம்மா. எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்களே போய்ச் சொன்னோம். அந்தச் சம்பந்தி அம்மாள் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, தன் அண்ணனும் இப்படித்தான் போனார் என்று சொன்னார். கல்யாணம் தை மாதம்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் டிரெஸ்ஸர் ஐயாவைப் போய்ப் பாருங்கள். உங்களை அனுப்பிவைக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன், சரி என்றிருக்கிறார். மாலையில் போங்கள். காலையில் கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பார். அப்போது யார் போனாலும் எரிந்து விழுவார்.

நன்றியுடன்,
பாலர் பள்ளி டீச்சரின் மூத்த மகள்