ஜெரோமுக்கு முன்பே இலத்தீன் விவிலியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றுக் கட்டுரை, விவிலியத்தை இலத்தீனுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் புனித ஜெரோம் என்கிறது. பரவலாகச் சொல்லப்படும் செய்திதான், ஆனால் சரியல்ல. அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பணி தொடங்கிவிட்டது. அதற்கான முந்தைய தடயங்கள் ரோமாபுரியைவிட வட ஆப்பிரிக்காவில்தான் தெளிவாகக் கிடைக்கின்றன. ரோமாபுரித் திருச்சபை அக்காலத்தில் கிரேக்கத்தில் வழிபட்டுவந்தது.

கி.பி. 180 ஜூலை 17 அன்று, சில்லியம் என்ற ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜில் ஆளுநர் சாத்தூர்னினுஸ் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்கிறார். "நூல்களும், நேர்மையாளரான பவுலின் கடிதங்களும்" என்கிறார் அவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ். வழக்கு முடிந்ததும் அவர்களை வாளுக்கு இரையாக்கினார்கள். அவர்கள் கிரேக்கம் கற்ற மேட்டுக்குடியினராகத் தெரியவில்லை. ஆகவே பெட்டியில் இருந்தவை இலத்தீன் பிரதிகளாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. 258இல் மறைச்சாட்சியாக மரித்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் எழுத்துகளிலோ இலத்தீன் விவிலிய மேற்கோள்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அதில் ஐயத்துக்கே இடமில்லை.

கிரேக்கப் பிரதி கைக்குக் கிடைத்து, இரு மொழியிலும் சற்றுப் பழக்கம் உண்டென்று நினைத்தவர்களெல்லாம் மொழிபெயர்க்கத் துணிந்தார்கள் என்று புனித அகுஸ்தீன் எழுதுகிறார். விளைவு, பிரதிக்குப் பிரதி பாடபேதம். அதைச் சீர்செய்யத்தான் 382 வாக்கில் திருத்தந்தை தமாசுஸ் ஜெரோமைப் பணித்தார். நற்செய்திகளில் ஜெரோம் செய்தது, பழைய இலத்தீன் பாடத்தைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதே. பெத்லகேமில் தங்கி எபிரேயத்திலிருந்து அவர் செய்த மொழிபெயர்ப்பு மாபெரும் சாதனை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், மக்கபேயர் ஆகிய நூல்களை அவர் மொழிபெயர்க்கவே இல்லை. வுல்காத்தா எனப்படும், ஜெரோமின் இலத்தீன் விவிலியத்தில் அவை பழைய இலத்தீன் வடிவத்திலேயே இடம்பெற்றன. ஜெரோமின் பெயரால் போற்றப்படும் நூலுக்குள்ளேயே, பெயர் தெரியாத அந்த முன்னோடிகளின் உழைப்பு அப்படியே இருக்கிறது.

இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இலத்தீன் விவிலிய வரலாற்றை எழுதுவது பெரிய குறை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை