பகிடியும் செத்தவீடும்: நண்பருக்கு ஒரு கடிதம்

கொழும்பு

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. பெயர் வைத்ததும் எழுதும். என் முழங்கால் வலியில் மாற்றம் ஒன்றும் இல்லை, அதைப் பற்றி எழுதியும் பயனில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், ஷெஹான் கருணாதிலகவின் ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ நாவலைப் பற்றி நீர் போட்டிருந்த ஒரு வரிக்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் செத்தவீட்டில் நின்று பகிடி விடுகிற புத்தகத்துக்கு 2022இல் புக்கர் பரிசைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர். அதை இன்னும் வாசிக்கவில்லை என்பதையும் நீரே ஒப்புக்கொண்டிருப்பதால், தயக்கமில்லாமல் மறுக்கிறேன்.

கதை நடப்பது 1990ஆம் ஆண்டுக் கொழும்பில். போர்க்களப் படப்பிடிப்பாளனும் சூதாடியுமான மாலி கண்விழிக்கிறபோது, விழுங்கிய மாத்திரையின் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்றுதான் நினைக்கிறான். உண்மையில் அவன் கொல்லப்பட்டுவிட்டான். யார் கொன்றார்கள் என்பது அவனுக்கே தெரியாது. மறுவுலகம் என்று அவன் வந்து சேர்ந்திருக்கும் இடமோ நம்முடைய கச்சேரியேதான், அந்த அரசாங்க அலுவலகமேதான்: முடிவில்லாத வரிசைகள், முகம் கொடுத்துப் பேசாத அலுவலர்கள், காதுகளைப் பரிசோதித்துக்கொண்டு வரும்படி வேறு மாடிக்கு அனுப்புகிற நடைமுறைகள், வெட்டுக்காயத்தோடும் குண்டுக்காயத்தோடும் நின்றபடி தமக்கு முன்னால் இடையில் புகுந்தவனைத் திட்டுகிற இறந்தவர்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த நகரில் நடமாடிய நமக்கு, சாவும் ஒரு படிவத்தை நிரப்புகிற வேலையாகத்தான் இருக்கும் என்பதில் மிகையேதும் தெரியவில்லை. அந்தப் பக்கங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. பிணங்களை வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்காரர் இருவரில் ஒருவனைக் கொத்து என்று அழைக்கிறார்கள். இரவில் ரொட்டிக்கடைத் தகட்டில் கத்திகள் விழுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. சிரிப்பு வருகிறது, வந்த கையோடு குமட்டுகிறது. இவ்விருவரும் அரக்கர்களாக வருவதில்லை, வேலையின் சிரமத்தைப் பற்றி முணுமுணுக்கிறவர்களாக வருகிறார்கள். அந்த ஆண்டின் பெப்ரவரியில் கடத்தப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியதை நீர் மறந்திருக்க மாட்டீர். தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட நாட்களில் ஆறுகளில் மிதந்தவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்தை அழுதுகொண்டே எழுதியிருந்தால், பத்துப் பக்கத்தோடு மூடி வைத்திருப்பேன்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது டொக்டர் ராணி ஸ்ரீதரன் என்ற பாத்திரம். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக விரிவுரையாளர், எல்லாத் தரப்பினரின் கொலைகளையும் எழுதியதற்காகப் புலிகளால் கொல்லப்பட்டவர் என்று அறிமுகமானதுமே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்ட யாழ்ப்பாண விரிவுரையாளர் ரஜனி திராணகமவை நினைக்காமல் நம்மில் யார் அந்தப் பக்கத்தைக் கடக்க முடியும்? அவரை மறுவுலக அலுவலகத்தின் ஊழியராக்கி, பதிவேட்டோடு இறந்தவர்களுக்குப் பின்னால் அலைய வைத்திருக்கிறார் ஆசிரியர். முதலில் எனக்குக் கோபமே வந்தது. பிறகுதான் அந்தப் பகிடியின் கொடூரம் புரிந்தது. உயிரோடு இருந்தபோது எதையும் மறக்கக்கூடாது என்று பதிவுசெய்தவர், இப்போது எல்லாவற்றையும் மறந்து, இறந்தவர்கள் கடந்து போக வேண்டிய ஒளிக்குள் போய்விடும்படி மாலியை மன்றாடுகிறார். மறுபக்கத்தில், கொல்லப்பட்ட ஜே.வி.பி.காரன் சேன பழிவாங்கும்படி காதில் ஓதுகிறான். மாலிக்கோ இரண்டும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த படங்கள், தமிழருக்கு எதிரான 83 யூலைக் கலவரத்தில் எடுத்தவையும் சேர்த்து, இறந்தவனுக்குக் கிடைத்த தவணையான ஏழு நிலவுகளுக்குள், அதாவது ஏழு இரவுகளுக்குள், வெளியே வந்தால் போதும். இந்த மூவரின் வழக்கும் இந்த நாட்டில் இன்னும் தீரவில்லை. ஆனால் மேடையில் இதைப் பேசினால் ஐந்து நிமிடத்தில் கட்சி பிரிந்துவிடும். நாவலில் சிரித்துக்கொண்டே மூவர் பக்கத்தையும் கேட்டுவிடுகிறோம்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிற்பகுதியில் சூழ்ச்சிகளும் பேய்களும் அளவுக்கு மிஞ்சி நெருக்குகின்றன. தமிழ் அமைச்சர் ஸ்டான்லி தர்மேந்திரனும் அவர் மகனும் ஆங்கிலம் பேசும் கொழும்பு மேல்தட்டுக்காரர்கள். வன்னியின் சாதாரண சனங்கள் பெரும்பாலும் மாலியின் படங்களிலும் நினைவுகளிலுமே தோன்றுகிறார்கள். இந்த இடத்தில் உமது கோபத்துக்கு நியாயம் உண்டு. இருந்தாலும், இந்த நாவல் ஒருநாள் புத்தகக்கடையில் மாயக்கதைகளின் தட்டில் வைக்கப்பட வேண்டும் என்று பரிசு மேடையில் விரும்பியவரை, நம் சாவை விற்றவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் ரொறொன்ரோ வரும் மருமகனிடம் என் பிரதியைக் கொடுத்து விடுகிறேன். தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவனுக்காக மாலி எழுதிக் கொடுக்கும், இயக்கங்கள் முதலானவற்றின் சுருக்கப் பெயர்களை விளக்கும் பட்டியல் வரும். உமக்கு அது தேவைப்படாது, தாண்டிப் போம். டொக்டர் ராணி பேசும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அவற்றில் எதை ஏற்க முடியவில்லை என்பதை அந்த ஓரங்களிலேயே எழுதி, புத்தகத்தைத் திருப்பி அனுப்பும்.

அன்புடன்,
உமது நண்பன்